சிறுவயது சாகசத் தொடரை மறுபடி பார்த்துத் தரவரிசை போடுவது எப்படி

ஒரு பழைய சாகசத் தொடரின் எபிசோடுகளை வரிசைப்படுத்தச் சொன்னால், முதல் ஐந்து இடங்களை ரசிகர்கள் மளமளவென்று சொல்லிவிடுவார்கள். கடைசி மூன்றும் அப்படித்தான். எது அறுவை என்பதில் பெரிய சண்டை வராது. சிக்கல் எல்லாம் நடுவில். எட்டாம் இடத்தில் இருக்கும் எபிசோட் ஏன் பதினேழாம் இடத்தில் இல்லை என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலான பட்டியல்களிடம் பதில் இருக்காது.

இதற்கு இரண்டு காரணங்கள். பத்து வயதில் பார்த்த நினைவும் இப்போது பார்த்ததும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அதோடு, பத்துக்கு எத்தனை என்று மார்க் போட்டுக்கொண்டே போகிறோம். முதல் வாரம் போட்ட ஏழும் மூன்றாம் வாரம் போட்ட ஏழும் ஒரே ஏழாக இருப்பதில்லை. கீழே சொல்லும் முறை இந்த இரண்டையும் தவிர்ப்பதற்காகத்தான். கொஞ்சம் வேலை வாங்கும். இருபது முப்பது எபிசோட் உள்ள தொடருக்குக் கச்சிதமாகப் பொருந்தும். நூற்றுக்கு மேல் போனால் என்ன செய்வது என்பதைக் கடைசிப் பகுதியில் பார்க்கலாம்.

முதலில் நினைவுப் பட்டியல்

ஒரு எபிசோடைக்கூடப் பார்ப்பதற்கு முன், எபிசோட் பட்டியலையும் தேடிப் பார்க்காமல், ஒரு தாளில் நினைவிருப்பதை எல்லாம் எழுதுங்கள். அரை மணி நேரம் போதும். எபிசோடின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "பாலம் அறுந்து விழுவது", "வில்லன் மாறுவேஷத்தில் டாக்டராக வருவது", "மணலுக்குள் புதைந்த கோயில்" என்று காட்சியாக எழுதினால் போதும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எத்தனாவது இடத்துக்கு வரும் என்று தோன்றுகிறதோ அந்த எண். பிறகு தாளை மடித்து உள்ளே வைத்துவிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் இதைத் திறக்க வேண்டும்.

எதற்கு இந்த வேலை? நினைவை வெளியே இறக்கி வைக்காவிட்டால் அது பார்க்கும்போதே பேரம் பேசும். "இது என்னோட ஃபேவரிட் ஆச்சே" என்ற குரல் ஒவ்வொரு தொய்வான காட்சிக்கும் சலுகை கொடுத்துக்கொண்டே இருக்கும். தாளில் எழுதியானதும் நினைவுக்கு உரிய இடம் கொடுத்தாகிவிட்டது. இனி எபிசோடை எபிசோடாகப் பார்க்கலாம்.

எழுதும்போதே ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இந்தத் தாளில் இருப்பதில் சில எந்த எபிசோடிலும் இருக்காது. டைட்டில் பாட்டில் தினமும் வந்த ஷாட்டை ஒரு கதையாக நினைத்திருப்போம். இரண்டு எபிசோடுகள் ஒன்றாக ஒட்டியிருக்கும். அடுத்த வாரம் என்று காட்டிய முன்னோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு, மீதிக் கதையை நாமே கற்பனையில் ஓட்டியிருப்போம். இவற்றை அடிக்காமல் அப்படியே விடுங்கள்.

எதை ஒரு எபிசோடாக எண்ணுவது

இதை முன்கூட்டியே முடிவு செய்யாதவர்கள் பாதியில் மாட்டிக்கொள்வார்கள். 1991-92-ல் வந்த டின்டின் கார்ட்டூன் தொடரில் 39 எபிசோடுகள். ஆனால் பல கதைகள் இரண்டு பாகங்களாக வருவதால் கதைக் கணக்கில் 21 மட்டுமே. 39 என்று எண்ணினால் ஒவ்வொரு கதையின் முதல் பாகமும் அடிவாங்கும். புதிரைப் போட்டுவிட்டு அவிழ்க்காமல் முடிவதுதான் அதன் வேலை. 1987-ல் தொடங்கிய டக்டேல்ஸ் முதல் கதையையே ஐந்து பாகமாகச் சொல்கிறது. அவதார் தி லாஸ்ட் ஏர்பெண்டர் 61 எபிசோடுகளில் முடிகிறது; கடைசி நான்கும் சேர்ந்து ஒரே கிளைமாக்ஸ்.

விதி எளிது. முதல் ஐந்து நிமிடத்தில் தொடங்கும் ஆபத்து எங்கே தீர்கிறதோ அதுவரை ஒரு அலகு. ஒரு பாகமோ ஐந்து பாகமோ, பார்த்து முடித்ததும் குறிப்பு எழுதும் அட்டை ஒன்றுதான். சீசன் முழுக்க ஓடும் பெரிய கதை இருந்தாலும் இந்த எபிசோடுக்கென்று தனியாக ஒரு சிக்கல் தீர்ந்தால் அது தனி அலகு.

பழைய காட்சிகளை வெட்டி ஒட்டி ஒப்பேற்றும் கிளிப் ஷோக்களைத் தரவரிசையில் சேர்க்காதீர்கள். பணம் தீர்ந்துபோன சீசனில் தயாரிப்பாளருக்கு மூச்சுவிட நேரம் கொடுக்க எடுத்தவை அவை. கடைசி இடத்தில் வைப்பதும் நியாயமில்லை, வேறு இடத்தில் வைக்கவும் முடியாது. கிடைக்காத எபிசோடுகளும் அப்படியே. 1960-களின் டாக்டர் ஹூவில் 90-க்கும் மேற்பட்ட எபிசோடுகளின் படச்சுருள் இன்று இல்லை, ஒலி மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒலியைக் கேட்டு ரசிக்கலாம், ஆனால் படத்தோடு இருப்பவற்றுடன் போட்டிக்கு நிறுத்தக் கூடாது.

பார்க்கும் வரிசை

டிவியில் வந்த வரிசையும் எடுத்த வரிசையும் வேறு வேறாக இருப்பது சகஜம். 1966-ல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக்கில் பைலட்டாக, அதாவது சேனலுக்குக் காட்டும் மாதிரி எபிசோடாக, எடுத்த கதை மூன்றாவதாகத்தான் ஒளிபரப்பானது. அதனால் முதல் வாரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு மூன்றாவது வாரம் திடீரென்று உடை வேறு, கப்பல் டாக்டரும் வேறு ஆள். 2002-ல் ஃபயர்ஃப்ளை இன்னும் மோசம்: எல்லோரையும் அறிமுகப்படுத்தும் இரண்டு மணி நேர முதல் எபிசோடை, தொடரை நிறுத்தும்போது கடைசியாகப் போட்டார்கள். டின்டின் தொடரில் அவனுடைய நண்பர் கேப்டன் ஹேடாக் அறிமுகமாகும் கதைதான் முதலில். காமிக்ஸில் ஹேடாக் வருவதற்குப் பல வருடம் முன்பே வந்த அமெரிக்கக் கதை கடைசியில் நிற்கிறது. ஹேடாக் இல்லாத கதையைக் கடைசியாகப் பார்க்கும்போது ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். அது அந்தக் கதையின் குற்றமா, வரிசையின் குற்றமா என்று யோசித்துவிட்டு இடம் கொடுங்கள்.

கதை தொடர்ந்து வளரும் தொடர் என்றால், எடுத்தவர்கள் நினைத்த வரிசையில் பாருங்கள். டிவிடி உறையிலும் ரசிகர் வழிகாட்டிகளிலும் இருக்கும் தயாரிப்பு எண் இதைக் காட்டிக்கொடுக்கும், முழுக்க நம்ப முடியாவிட்டாலும்.

ஒவ்வொரு எபிசோடும் தனித்தனிக் கதை என்றால் வரிசையைக் கலைத்துவிடுங்கள். சீட்டு எழுதிக் குலுக்கினால் போதும். காரணம் இருக்கிறது: வரிசையாகப் பார்த்தால் பின்பாதி எபிசோடுகள் எல்லாம் உங்கள் சலிப்பையும் சேர்த்துச் சுமக்கும். அதே வில்லன், அதே தப்பித்தல், அதே சிரிப்பு முடிவு என்று இருபதாவது முறை பார்க்கும்போது, இருபதாவதாக வந்த பாவத்துக்கு அந்த எபிசோட் மார்க் இழக்கும். குலுக்கினால் அந்தச் சலிப்பு எல்லா சீசன்களுக்கும் பரவிவிடும். முதல் எபிசோடையும் கடைசி எபிசோடையும் மட்டும் அதனதன் இடத்திலேயே வையுங்கள்.

கையில் இருக்கும் பிரதி சரிதானா

பழைய டிவி தொடர்கள் 4:3 சட்டகத்துக்காக (அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு) எடுக்கப்பட்டவை. அகலத்திரைக்கு மாற்றும்போது இரண்டு விதமான கொடுமை நடக்கும். ஒன்று, பக்கவாட்டில் இழுப்பது. இதைக் கண்டுபிடிக்க நிலா, வண்டிச் சக்கரம், கடிகாரம் என்று ஏதாவது ஒரு வட்டம் வரும் காட்சியில் நிறுத்திப் பாருங்கள். முட்டை வடிவில் இருந்தால் படம் இழுக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது, மேலும் கீழும் வெட்டுவது. இதில் கால்வாசிப் படம் போய்விடும். பள்ளத்தில் தொங்கும் ஆளைக் காட்டும் ஷாட்டில் பள்ளமே தெரியாது. தலைக்கு மேல் தொங்கும் பாறையும் சட்டகத்துக்கு வெளியே போயிருக்கும். சாகசத் தொடருக்கு உயரம்தான் உயிர் என்பதால் இது சாதாரண இழப்பு இல்லை. சிம்ப்சன்ஸ் பழைய எபிசோடுகளை டிஸ்னி பிளஸ் 2019-ல் இப்படி வெட்டி வெளியிட்டபோது, சட்டகத்தின் ஓரத்தில் இருந்த நகைச்சுவைகளே காணாமல் போயின. எதிர்ப்பு வந்து அடுத்த வருடம் 4:3 வசதியைக் கொடுத்தார்கள். உங்கள் தளத்திலும் அமைப்புகளில் அப்படி ஒரு தேர்வு ஒளிந்திருக்கலாம், தேடிப் பாருங்கள்.

கோப்பாக வைத்திருப்பவர்களுக்கு விஎல்சி பிளேயரில் மூன்று விசைகள் போதும்: படத்தின் விகிதத்தை மாற்ற ஏ (A), வெட்டலை மாற்ற சி (C), வேகமாக நகரும் உருவங்களின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால் டி (D).

வேகத்தையும் கவனியுங்கள். வினாடிக்கு 24 சட்டகமாக எடுத்த படத்தை, 25 சட்டகம் ஓடும் பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறைக்கு மாற்றும்போது நான்கு சதவீதம் வேகம் கூடிவிடும். 44 நிமிட எபிசோட் சுமார் 42 நிமிடத்தில் முடியும். குரல் கொஞ்சம் கீச்சென்று இருக்கும், டைட்டில் இசையும் சுருதி ஏறியிருக்கும். "இந்தப் பாட்டு இப்படி இருக்காதே" என்று தோன்றினால் நினைவைச் சந்தேகிப்பதற்கு முன் பிரதியைச் சந்தேகியுங்கள். சிறுவயதில் பார்த்ததே வேகமான பிரதியாகவும், இப்போது கையில் இருப்பது சரியான வேகமாகவும் இருக்கலாம். இரண்டில் எதைப் பார்த்தாலும் தொடர் முழுக்க ஒரே பிரதியாக இருக்கட்டும்.

மறுஒளிபரப்புக்காக நிமிடங்களை வெட்டியது, உரிமம் தீர்ந்த பாட்டை மாற்றியது ஆகியவையும் உண்டு. ஒரு எபிசோட் மட்டும் மற்றவற்றைவிட மூன்று நான்கு நிமிடம் குறைவாக இருந்தால் அதில் ஏதோ காணவில்லை.

டப்பிங் விஷயத்தில் என் கட்சி தெளிவு: தமிழில் பார்த்து வளர்ந்த தொடர் என்றால் தமிழ் டப்பிங்கும் அந்தத் தொடர்தான். நல்ல டப்பிங் எழுத்தாளர் மூலத்தில் இல்லாத நக்கலைச் சேர்த்திருப்பார், வில்லனுக்கு மூலத்தில் இல்லாத கம்பீரம் குரலில் வந்திருக்கும். ஆனால் பாதி எபிசோட் தமிழிலும் பாதி மூல மொழியிலும் கிடைத்தால் எல்லாவற்றையும் மூல மொழியில் பாருங்கள். கலந்து பார்த்தால் நீங்கள் வரிசைப்படுத்துவது குரல்களை.

பார்ப்பதும் குறிப்பதும்

ஒரு உட்காரலில் இரண்டு எபிசோட். மூன்றுக்கு மேல் வேண்டாம். நான்காவதைப் பார்க்கும்போது இரண்டாவது மங்கியிருக்கும். அடுத்தடுத்துப் பார்ப்பதில் இன்னொரு தொல்லை: மிக நல்ல எபிசோடை அடுத்து வருவது எதுவானாலும் சுமாராகவே தெரியும். இடையில் பதினைந்து நிமிடம் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். டைட்டில் பாட்டை ஒவ்வொரு உட்காரலிலும் முதல் தடவை முழுதாக ஓடவிடுங்கள், அடுத்ததற்குத் தாண்டிவிடலாம்.

எபிசோடின் சரிபாதியில் நிறுத்தி ஒரே ஒரு வரி எழுதுங்கள். இதைச் செய்யச் சொல்லக் காரணம், முடிவு மொத்தத்தையும் விழுங்கிவிடும் என்பதுதான். உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் 1993-ல் வெளியிட்ட சோதனையில், ஒரு நிமிடம் குளிர்ந்த நீரில் கை வைத்ததைவிட, அதே ஒரு நிமிடத்தோடு நீரின் குளிர் சற்றே குறையும் இன்னொரு அரை நிமிடத்தையும் சேர்த்து அனுபவித்ததைத்தான் பலர் மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வலி அதில்தான் அதிகம். ஆனால் முடிந்த விதம் கொஞ்சம் இதமாக இருந்தது. எபிசோடிலும் அதே கதை. பதினெட்டு நிமிடம் இழுத்துவிட்டுக் கடைசி நான்கு நிமிடம் பறந்தால் "சூப்பர்" என்று எழுதுவோம். பாதியில் எழுதிய "இன்னும் குகைக்கே போகவில்லை" என்ற வரி அப்போது உண்மையைச் சொல்லும்.

முடிந்ததும் பத்து நிமிடத்துக்குள் ஒரு அட்டை எழுதுங்கள். உள்ளங்கை அளவு அட்டை போதும், அதிகமாக எழுதினால் பிறகு ஒப்பிடும்போது படிக்க மாட்டீர்கள். அட்டை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கற்பனை எபிசோட்:

வெள்ளம் புகுந்த சுரங்கம். வில்லன் தண்ணீரைத் திறந்துவிட்டு வரைபடத்தோடு ஓடுகிறான்.
பாதியில்: விறுவிறு, ஆனால் தங்கை ஏன் உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை.
தப்பித்தது: காலி எண்ணெய்ப் பீப்பாய்களைக் கட்டி மிதவை. பீப்பாய்களை 4-வது நிமிடமே காட்டிவிட்டார்கள். நேர்மை.
சிறந்த இடம்: 16:20, விளக்கு அணைந்த பிறகு ஒலி மட்டும்.
தொய்வு: 8 முதல் 11 வரை, ஊர்த்தலைவர் பேச்சு.
உறுத்தல்: இல்லை.

நிமிடக் குறிப்பு ஏன் முக்கியம் என்றால், பிறகு இரண்டு எபிசோடுகளுக்கு இடையே முடிவெடுக்க முடியாமல் திணறும்போது இரண்டின் சிறந்த இடங்களையும் இரண்டிரண்டு நிமிடம் ஓட்டிப் பார்க்கலாம். முழு எபிசோடையும் மறுபடி பார்க்க வேண்டியதில்லை.

"தப்பித்தது" என்ற வரிதான் அட்டையின் உயிர். சாகசக் கதையின் தரம் பெரும்பாலும் அங்கே தெரிந்துவிடும். ஹீரோ பயன்படுத்தும் பொருளோ திறமையோ ஆபத்து வருவதற்கு முன்பே நமக்குக் காட்டப்பட்டிருக்க வேண்டும். இடம் எப்படி இருக்கிறது, கதவு எந்தப் பக்கம், தண்ணீர் எவ்வளவு உயரத்தில் என்பது நமக்கும் புரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் நாமும் சேர்ந்து யோசிக்கிறோம். எங்கிருந்தோ நண்பன் ஹெலிகாப்டரில் வந்து தூக்கிக்கொண்டு போனால் சிறுவயதில் கைதட்டியிருப்போம், இப்போது ஏமாற்றமாக இருக்கும். மறுபடி பார்க்கும்போது அதிகமாகச் சரிவது இந்த ரக எபிசோடுகள்தான். அதிகமாக ஏறுவது எது தெரியுமா? செலவு மிச்சம் பிடிக்க ஒரே அறையில், ஒரே படகில் எடுத்த எபிசோடுகள். குழந்தையாக இருந்தபோது "இதில் சண்டையே இல்லை" என்று ஒதுக்கியிருப்போம். ஓட இடமில்லாததால் எழுத்தாளர் வசனத்தையும் யோசனையையும் நம்ப வேண்டியிருந்தது என்பது இப்போதுதான் தெரியும்.

சில விஷயங்களில் கை தாராளமாக இருக்கட்டும். விளம்பர இடைவேளைக்கு முன் வலுக்கட்டாயமாக ஒரு அலறல், திரும்பி வந்தால் அது பூனை. இது அந்தக் காலத் தொழில் நிர்ப்பந்தம், விளம்பரம் இல்லாமல் பார்ப்பதால் அபத்தமாகத் தெரிகிறது. கார்ட்டூனில் ஓடும் காட்சி திரும்பத் திரும்ப வருவதும் அப்படித்தான். எல்லா எபிசோடுக்கும் பொது என்பதால் தரவரிசையைப் பாதிக்க வேண்டியதில்லை.

உறுத்தல் என்ற வரி வேறு. 1964-65-ல் வந்த ஜானி குவெஸ்ட் தொடரின் பழங்குடிச் சித்திரிப்புகள் இன்று கண்ணை உறுத்தும். அந்தத் தலைமுறைத் தொடர்கள் பலவற்றிலும் இது உண்டு. இதற்கு என்ன செய்வது என்பதைத் தொடங்கும் முன்பே முடிவெடுங்கள். கதையே அந்த இழிவின் மேல் நின்றால் கீழே இறக்குவது, ஓரத்தில் வந்து போனால் குறிப்பு மட்டும் எழுதுவது என்பது ஒரு நல்ல விதி. நடுவழியில் முடிவெடுத்தால் பிடித்த எபிசோடுக்கு ஒரு நீதி, பிடிக்காததற்கு ஒரு நீதி ஆகிவிடும்.

வரிசைப்படுத்துவது

மார்க் போடாதீர்கள். பத்துக்கு ஏழரை என்பது எதோடு ஒப்பிட்டு? முதல் நாள் எதுவுமே பார்த்திருக்க மாட்டீர்கள், அதனால் தாராளமாகவோ கஞ்சத்தனமாகவோ போட்டிருப்பீர்கள். கடைசியில் பாதித் தொடர் ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் வந்து நெரிசலாக நிற்கும். இரண்டை எதிரெதிரே வைத்து எது மேல் என்று கேட்டால் மனம் பளிச்சென்று பதில் சொல்லும். ஒன்றை மட்டும் வைத்து எவ்வளவு என்று கேட்டால் தடுமாறும்.

கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதி மேசையில் வையுங்கள். "இப்போது ஒன்றுதான் பார்க்க முடியும், எதைப் பார்ப்பேன்?" என்பது ஒரு கேள்வி. "தொடரையே பார்க்காத ஒருவருக்கு எதைக் காட்டுவேன்?" என்பது வேறு கேள்வி, வேறு பட்டியல் வரும். முதல் கேள்வியில் சீசன் இறுதி எபிசோடுகள் ஏறும். இரண்டாவதில் அவை சரிந்து, தனித்து நிற்கும் கதைகள் ஏறும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், கடைசிவரை மாற்றாதீர்கள்.

பிறகு அட்டைகளை இப்படி அடுக்க வேண்டும். முதல் அட்டையை மேசையில் வையுங்கள். இரண்டாவதை அதோடு ஒப்பிட்டு மேலேயோ கீழேயோ. மூன்றாவதிலிருந்து, புதிய அட்டையை வரிசையின் நடுவில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். மேல் என்றால் மேல் பாதியின் நடுவில் இருப்பதோடு. கீழ் என்றால் கீழ் பாதியின் நடுவில் இருப்பதோடு. இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் இடம் கிடைத்துவிடும். மேசையில் 15 அட்டை இருந்தால் நான்கு ஒப்பீடு போதும், 25 இருந்தால் அதிகபட்சம் ஐந்து.

ஜானி குவெஸ்ட் 26 எபிசோட். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் மோதவிட்டால் 325 ஒப்பீடு. இந்த முறையில் எவ்வளவு மோசமாகப் போனாலும் 99. டின்டின் 21 கதைக்கு 210-க்குப் பதில் 74.

இதில் தவறு நேரும் இடம் தெரிந்ததுதான்: சற்றுமுன் பார்த்தது எப்போதும் மேலே போகத் துடிக்கும். ஆகவே பார்த்த அன்றே அடுக்காதீர்கள். இரண்டு உட்காரல் கழித்து அடுக்குங்கள். வெள்ளிக்கிழமை பார்த்ததை அதற்குப் பின் நான்கு எபிசோட் பார்த்துவிட்டு எடுத்தால் சூடு ஆறியிருக்கும். அட்டையைப் படித்தும் கதை நினைவுக்கு வரவில்லை என்றால் அதுவே ஒரு தகவல், பெரும்பாலும் கீழ்ப் பாதிக்கான தகவல்.

முதல் ஒப்பீட்டில் எடுக்கும் தவறான முடிவுதான் அதிகம் சேதம் செய்யும். நடுவில் இருப்பதைவிடக் கீழ் என்று அவசரத்தில் சொல்லிவிட்டால், அந்த அட்டை மேல் பாதிக்குப் போகவே முடியாது. அதனால் முதல் ஒப்பீட்டுக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா அட்டையும் அடுக்கியானதும் கடைசி இடத்திலிருந்து மேல்நோக்கி, பக்கத்துப் பக்கத்து அட்டைகளை மட்டும் ஒப்பிட்டுக்கொண்டே வாருங்கள். கீழே இருப்பது மேல் என்று தோன்றினால் இடம் மாற்றி, அதே அட்டையைக் கையில் பிடித்து அடுத்ததோடு ஒப்பிடுங்கள். தவறாகக் கீழே விழுந்தது இப்போது மிதந்து மேலே வந்துவிடும்.

சில சமயம் வட்டம் போடும்: சுரங்கம் பாலத்தைவிட மேல், பாலம் தீவைவிட மேல், ஆனால் தீவு சுரங்கத்தைவிட மேல் என்று. இது குழப்பம் இல்லை. ஒரு ஒப்பீட்டில் வில்லனைப் பார்த்தீர்கள், இன்னொன்றில் நகைச்சுவையைப் பார்த்தீர்கள், அவ்வளவுதான். மேசையில் எழுதி வைத்த கேள்வியை மூன்றுக்கும் மறுபடி கேளுங்கள். அப்போதும் சுற்றினால், தொய்வு வரி குறைவாக இருப்பதை முதலில் வையுங்கள். சமன் என்று விடாதீர்கள். ஒரு இடத்தில் விட்டால் பத்து இடத்தில் விடத் தோன்றும்.

இருவர் சேர்ந்து செய்தால்

அண்ணனும் தங்கையும் சேர்ந்து பார்ப்பது இனிமை, சேர்ந்து வரிசைப்படுத்துவது வினை. பார்க்கும்போது வாயைத் திறக்காமல் இருப்பது முடியாத காரியம்தான். குறைந்தபட்சம் அட்டை எழுதும்வரை தீர்ப்புச் சொல்லாமல் இருங்கள். தனித்தனியாக அடுக்கி முடித்த பிறகு, ஒவ்வொரு எபிசோடுக்கும் இரண்டு பட்டியலிலும் உள்ள இட எண்களைக் கூட்டுங்கள். கூட்டல் குறைவாக உள்ளது மேலே. பட்டியலைவிடச் சுவாரசியமானது இட வித்தியாசம் அதிகமுள்ள மூன்று எபிசோடுகள்; அவற்றை மட்டும் சேர்ந்து உட்கார்ந்து இன்னொரு முறை பாருங்கள், பேச்சுக்குப் பஞ்சம் இருக்காது.

நூற்றுக்கு மேல் போனால்

1985 முதல் 1992 வரை ஓடிய மெக்கைவர் 139 எபிசோட். ஒரு நாளைக்கு இரண்டு பார்த்தாலும் பத்து வாரம். இங்கே சீசன் சீசனாகப் பிரிப்பதுதான் புத்திசாலித்தனம். ஒவ்வொரு சீசனையும் மேலே சொன்னபடி தனியாக அடுக்கி, முதல் ஐந்தை மட்டும் இறுதிச் சுற்றுக்கு எடுங்கள். ஏழு சீசனுக்கு 35 அட்டை. இதில் ஒரு ஓட்டை உண்டு: நல்ல சீசனின் ஆறாவது எபிசோட், மோசமான சீசனின் முதல் எபிசோடைவிட நன்றாக இருக்கலாம். அடைக்க வழி: இறுதிப் பட்டியலில் ஒரு சீசனின் ஐந்தாவது அட்டை முதல் பத்துக்குள் வந்துவிட்டால், அந்த சீசனின் ஆறாவதையும் உள்ளே கொண்டுவாருங்கள். அதுவும் பத்துக்குள் வந்தால் ஏழாவதையும்.

ஸ்ப்ரெட்ஷீட் பழகியவர்கள் சதுரங்க வீரர்களுக்குப் பயன்படும் எலோ முறையை முயலலாம். எல்லா எபிசோடுக்கும் 1500 புள்ளியில் தொடங்கி, இரண்டிரண்டாகக் குலுக்கி எடுத்து மோதவிடுங்கள். ஒரு மோதலுக்கு உச்சவரம்பு 32 புள்ளி என்று வைத்தால், சமமான இரண்டில் வென்றதற்கு 16 கூடும், தோற்றதற்கு 16 குறையும். 200 புள்ளி வித்தியாசம் இருந்தால் பெரியது வென்றால் 8 மட்டும், சின்னது வென்றால் 24. ஒன்றிரண்டு தவறான தீர்ப்பைத் தாங்கிக்கொள்ளும் என்பது இதன் பலம். மோதல் எண்ணிக்கையில் பெரிய லாபம் எதிர்பார்க்காதீர்கள். எபிசோடுக்குப் பத்து மோதலாவது நடந்தால்தான் நடுப்பகுதி அசைவதை நிறுத்தும்.

ரசிகர் தளங்களின் சராசரி மதிப்பெண்ணை எந்தக் கட்டத்திலும் பார்க்காதீர்கள். கடைசி சீசன்களுக்கு அங்கே மதிப்பெண் தூக்கலாக இருப்பதுண்டு. பிடிக்காதவர்கள் முன்பே விலகிப்போக, மிஞ்சிய விசுவாசிகள் மட்டும் ஓட்டுப் போட்டிருப்பார்கள்.

பட்டியலை முடித்து ஒரு மாதம் கழித்துச் சோதியுங்கள். பட்டியலில் ஐந்து இடத்துக்குள் நெருக்கமாக உள்ள எபிசோடுகளிலிருந்து பத்து ஜோடிகளைக் குலுக்கி எடுத்து, பட்டியலைப் பார்க்காமல் எது மேல் என்று எழுதுங்கள். இரண்டு மூன்று மாறினால் பட்டியல் நிற்கிறது. ஐந்து மாறினால் நடு அட்டைகளைக் கலைத்து அந்தப் பகுதியை மட்டும் மறுபடி அடுக்குங்கள். இது முடிந்த பிறகுதான் மடித்து வைத்த தாளைத் திறக்க வேண்டும்: ஒவ்வொரு காட்சிக்கும் எதிரே அது எந்த எபிசோட், இப்போது எத்தனாவது இடம் என்று எழுதுங்கள். எந்த எபிசோடிலும் இல்லாத காட்சிகளுக்கு எதிரே கோடு போட்டுவிடுங்கள்.